சமத்துவத்துக்கு எத்தனை கை

தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது, திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் கறுப்புச் சட்டை போட்ட ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டிருப்பாளே, பார்த்திருப்பீர்கள். அது நான்தான். நான் இல்லாவிட்டால் என் நாத்தனார். நாங்கள் இரண்டு பேர் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரே சட்டை, ஒரே கொண்டை. ஒரு தடவை பல் மருத்துவர் என் வாய்க்குள் கண்ணாடியை விட்டுக்கொண்டே, "நேத்து உங்க நியூஸ் பார்த்தேன், பிரமாதம்" என்றார். முந்தின நாள் எனக்கு விடுமுறை. வாய் திறந்திருந்ததால் மறுக்க முடியவில்லை. பாராட்டை நானே வைத்துக்கொண்டேன்.

சைகை மொழிபெயர்ப்பு பார்ப்பதற்குத்தான் சுலபம். காதில் விழுவதை மண்டைக்குள் புரட்டிப் போட்டுக் கைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் பேசுகிறவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். ஒருத்தியே தொடர்ந்து செய்தால் தோள்பட்டை கழன்றுவிடும், புத்தியும் மழுங்கிவிடும். அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது எங்கள் தொழில் வழக்கம். ஒருத்தி பெட்டிக்குள் நிற்பாள். மற்றவள் காமிராவுக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்னவள் தவறவிடுவதை எடுத்துக் கொடுப்பாள். ஆனால் முக்கால்வாசி நேரம் பின்னால் இருப்பவள் கண்ணை மூடித் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்பது வேறு விஷயம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தேர்தல் சமயம். ஒரு கட்சித் தலைவர் ஸ்டூடியோவுக்கு வந்து நாற்பது நிமிடம் பேசினார். முழுக்க முழுக்கச் சமத்துவம். சமத்துவம்தான் எங்கள் மூச்சு, சமத்துவம்தான் எங்கள் பாதை, சமத்துவம் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்கிற அளவுக்குப் பேசினார். முதல் பாதி நாத்தனார், அடுத்த பாதி நான்.

எங்கள் சைகை மொழியில் இந்த மாதிரி அரசியல் சொற்களுக்கு நிலைத்த சைகை இன்னும் வரவில்லை. அவரவர் புரிந்துகொண்டபடி செய்வோம். என் நாத்தனார் சமத்துவத்துக்கு இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து, நெஞ்சுக்கு நேரே ஒரே மட்டத்தில் வைத்து, இரு பக்கமும் பரப்புவார். தரையைச் சமன் செய்வது மாதிரி. எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே சட்டம் என்று அர்த்தம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஒரு கையை மேலே வைப்பேன், ஒன்றைக் கீழே வைப்பேன். கீழே இருக்கிற கையைத் தூக்கிக்கொண்டுபோய் மேலே இருப்பதன் பக்கத்தில் நிறுத்துவேன். தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கிவிடுவதுதானே சமத்துவம்?

காது கேட்கிறவர்களுக்கு இதில் ஒரு தொந்தரவும் இல்லை. 'சமத்துவம்' என்று ஒரு சத்தம் வருகிறது. அவரவர் மனதில் இருப்பதை அதற்குள் போட்டு நிரப்பிக்கொண்டு கைதட்டிவிட்டுப் போகிறார்கள். எங்கள் பெட்டியைப் பார்ப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் பார்த்தது என்ன? ஒரு தலைவர் இருபது நிமிடம் எல்லோருக்கும் ஒரே அளவு என்று முழங்கினார். பிறகு சட்டென்று கட்சி மாறி, கீழே இருப்பவர்களுக்குத்தான் அதிகம் என்று இருபது நிமிடம் முழங்கினார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

மறுநாளே புகார் வந்துவிட்டது.

எங்களைக் கூப்பிட்டு விசாரித்தவர் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். எப்போதும் மணிக்கட்டைத் தட்டித் தட்டி நேரம் காட்டுவதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். நல்ல மனுஷர்தான். ஆனால் எதையும் ஒரு நிமிடத்துக்கு மேல் கேட்க மாட்டார்.

"சங்கத்துலேருந்து யாரோ வீடியோ அனுப்பியிருக்காங்க. முதல் பாதி ஒரு மாதிரி, அடுத்த பாதி வேற மாதிரின்னு. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு விதமா பண்றீங்களா?"

"இவ பண்றது தப்பு சார்" என்றார் நாத்தனார்.

"அவங்க பண்றதுதான் சார் தப்பு" என்றேன் நான்.

கடிகாரம் மணிக்கட்டைத் தட்டினார். "எது தப்புன்னு எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசி விவாதம். ரெண்டு தலைவருங்களும் வராங்க. அதுக்குள்ள காது கேளாதோர் சங்கத்துல பேசி, ஒரே ஒரு சைகைன்னு முடிவு பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா பெட்டியை எடுத்துட்டு, கீழே எழுத்து ஓட விட்டுடலாம்னு மேலிடத்துல சொல்றாங்க. மெஷினே பண்ணிடுமாம். அதுக்குத் தோள்வலியும் கிடையாது, நாத்தனாரும் கிடையாதுன்னு சிரிக்கிறாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், எங்களை ஆஸ்பத்திரியிலும் கூப்பிடுகிறார்கள், கோர்ட்டிலும் கூப்பிடுகிறார்கள். என் கண் முன்னால் வந்து நின்றது என் மாமியாரின் முகம்தான்.

என் மாமியாருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சைகைதான் தாய்மொழி. பள்ளிக்கூடத்தில் அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க யாரும் மெனக்கெடவில்லை. பஸ் நம்பர் படிப்பார், மாத்திரை அட்டை படிப்பார், அதற்கு மேல் எழுத்து அவருக்குப் பூச்சி ஊர்கிற மாதிரிதான். கீழே எழுத்து ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? இந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் அவருக்கு நாட்டு நடப்பு வந்து சேர்ந்த விதம் ஒன்றே ஒன்று. வீட்டில் எல்லோரும் செய்தியைப் பார்த்து வாய்விட்டுப் பேசிக்கொள்வார்கள். அவர் "என்ன?" என்று கேட்பார். "அப்புறம் சொல்றேன்" என்று ஒரு கை சொல்லும். அந்த அப்புறம் வரவே வராது. வந்தாலும் ஒரு வரியில் வரும். பெட்டி வந்தபிறகு மனுஷி டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மந்திரிகளைக் கை வலிக்கத் திட்டுகிறார். அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்க நான் விடுவதாயில்லை.

ஒப்பனை அறையில் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார் ஒரு பேராசிரியர். அரசியல் தத்துவம் சொல்லிக்கொடுப்பவர், விவாதங்களுக்கு அடிக்கடி வருவார். இவரைக் கேட்டால் ஆயிற்று என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சார், சமத்துவம்னா சரியான அர்த்தம் என்ன?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அதைத்தான்மா நாங்க காலங்காலமா அடிச்சிக்கிட்டு இருக்கோம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமா சார்?"

பவுடர் போடுகிற பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். பேராசிரியரும் சிரித்தார். அப்புறம் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "நாற்காலின்னா என்னன்னு சண்டை வந்தா, கடைக்குப் போய்க் காட்டிடலாம். இது அப்படி இல்லை. எது சமத்துவம்னு முடிவு பண்றது, யாருக்கு என்ன கிடைக்கணும்னு முடிவு பண்றது மாதிரி. அர்த்தத்தை ஒருத்தர் கையில கொடுத்துட்டா, மிச்ச வாதத்தை அவர் பேசாமலே ஜெயிச்சிடுவார். அதனாலதான் யாரும் விட்டுக்கொடுக்கறதில்லை."

"அப்போ முடியவே முடியாதா?"

"முடிஞ்சா என் வேலை போயிடும்மா."

'முடியாவிட்டால் என் மாமியாரின் டிவி போய்விடும்' என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவும் இடத்தில் சண்டை பற்றிக்கொண்டது. எங்கள் வீட்டில் ஒரு நாள் நான், ஒரு நாள் நாத்தனார் என்று பாத்திரத்துக்கு முறை உண்டு. அந்த முறையைப் போட்டவளே நான்தான். அன்று அவருடைய நாள்.

"முழங்கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நின்னு கழுவ முடியாதுடி. இன்னிக்கு நீ பார்த்துக்கோயேன்."

"முறைன்னா முறைதான்கா. ஆளுக்கொரு நாள். வலின்னு ஆரம்பிச்சா எனக்குத் தோள் வலிக்குது."

"உன் தோளும் என் முழங்காலும் ஒண்ணா? எனக்கு வயசு என்ன, உனக்கு வயசு என்ன?"

அதிலிருந்து நேராக ஸ்டூடியோவுக்குத் தாவினோம். கீழே இருப்பவரைத் தூக்கிவிட வேண்டும், அதுதான் நியாயம் என்று நான் கத்தினேன். ஆளுக்கொரு சலுகை என்று ஆரம்பித்தால் முடிவே கிடையாது, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்று அவர் கத்தினார். என் கணவர் ஓரமாக உட்கார்ந்து, பழுதுபார்க்கக் கொண்டுவந்த குளிர்பெட்டியின் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"பாத்திரம்னு வந்தா இவ எல்லாருக்கும் ஒரே அளவுங்கறா, அக்கா எனக்குத் தேவை அதிகம்ங்கறா. டிவின்னு வந்தா அப்படியே திருப்பிப் பேசறீங்க. வீட்டுக்கு ஒண்ணு, நாட்டுக்கு ஒண்ணா?"

"நீ மோட்டாரைப் பாருடா!" என்றார் நாத்தனார்.

"உங்களை யாராவது கேட்டாங்களா?" என்றேன் நான். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் ஒற்றுமை.

ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு அர்த்தமும் எனக்கு வேண்டியிருக்கிறது. எனக்குச் சாதகமான நேரத்தில் சாதகமானதைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். நாத்தனாரும் அப்படித்தான். இதை அவரிடம் ஒப்புக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

இத்தனையும் வாயால். சாப்பாட்டு மேஜையில் மாமியார் உட்கார்ந்து, பந்தாட்டம் பார்க்கிற மாதிரி எங்கள் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையைத் தட்டினார். "என்ன?" என்று கை கேட்டது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, கையை வீசினோம். "ஒண்ணுமில்லை. அப்புறம் சொல்றோம்."

மாமியார் எழுந்து போய்ச் சுவரில் இருந்த விளக்கை அணைத்தார். காது கேளாதவர்கள் வீட்டில் இதுதான் அதட்டல். மறுபடியும் விளக்கு வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

"என் மொழியில ஒரு வார்த்தை. அதுக்கு நீங்க சண்டை போடறீங்க. வாயால போடறீங்க" என்றார். அவர் கையால் சொன்னதை நான் இங்கே வாய்ப்பேச்சாக எழுதுகிறேன், அவ்வளவுதான். அந்த வேகம் எழுத்தில் வராது. "எப்படித் தெரியும்னு பார்க்காதே. உன் கை அடிக்கடி தூக்கிச்சு, அவ கை பரப்பிச்சு. நான் என்ன முட்டாளா?"

நாத்தனார் அசடு வழிந்துகொண்டே நடந்ததைக் கையால் சொல்ல ஆரம்பித்தார். புகார் என்ற இடம் வந்ததும் மாமியார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதை அனுப்பினது நான்தான்."

என் கணவர் கையிலிருந்த மோட்டார் தொப்பென்று மேஜைமேல் விழுந்தது.

"உங்களை நான் குத்தம் சொல்லலை. அந்த ஆளைச் சொன்னேன். பாதிப் பேச்சுல கட்சி மாறிட்டான், ஏன்னு யாருமே கேட்கலையேன்னு சொன்னேன். ஏன் மாறினான்னு எனக்குத் தெரியணும்."

"அத்தை, அவர் மாறலை. நாங்கதான் மாறினோம். ஆள் மாறினோம்" என்றேன்.

"அப்போ அவன் எதைத்தான் சொன்னான்?"

நானும் நாத்தனாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் அந்தப் பேச்சை மனதில் ஓட்டிப் பார்த்தோம். மூச்சு, பாதை, நாடு, சாப்பாடு.

"சொல்லவே இல்லைம்மா" என்றார் நாத்தனார்.

"நாற்பது நிமிஷமும்?"

"நாற்பது நிமிஷமும்."

மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, பெட்டியை எடுக்கப் போகிறார்கள் என்பதை நான்தான் சொன்னேன். சொல்லும்போது என் கை எனக்கே கனத்தது. அவர் முகம் அப்படியே வாடிப்போயிற்று.

"அப்போ நான் என் கையாலயே என் டிவியை மூடிட்டேனா?" என்று கேட்டார். உடனே அவரே நிமிர்ந்தார். "சங்கத்துக்கு நானும் வரேன். எந்தச் சைகைன்னு நான் சொல்றேன். உங்க ரெண்டும் சரியில்லை." இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நிமிர்த்தி, ஒன்றுக்கொன்று எதிரெதிராக, குனியாமல் நிறுத்தினார். இரண்டு ஆட்கள் முகத்துக்கு முகம் பார்ப்பது மாதிரி. "இதுதான். யாருக்கு எவ்வளவுங்கறது அப்புறம். முதல்ல என் முகத்தைப் பார்த்துப் பேசு."

போச்சுடா என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். இரண்டாக இருந்தது மூன்றாயிற்று. அன்றைக்குப் பாத்திரத்தைக் கழுவியது என் கணவர், எங்கள் மூவரின் ஏகமனதான முடிவுப்படி.

வியாழக்கிழமை சங்கத்துக் கூட்டம். ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத கூடம். எல்லோர் கையும் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். கூச்சல் அதிகமானால் கதவோரம் இருக்கும் சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்து அணைத்துப் போடுவது சங்கத் தலைவரான தையல்காரரின் வேலை. யாரையும் நம்பாத கடிகாரம் தானே நேரில் வந்திருந்தார். அவருக்கு எல்லாவற்றையும் குரலில் சொல்வது நாத்தனார் பொறுப்பு, அவர் சொல்வதைக் கையில் சொல்வது என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். மொழிபெயர்க்க வந்தவள் வாதத்தில் கலந்துகொள்ளக் கூடாது. தொழிலின் முதல் பாடம் அது.

தையல்காரர் ஆரம்பித்தார். நாடாவால் அளந்து துணியை வெட்டுவதாகக் காட்டினார். ஆளுக்கேற்ற அளவு, அதுதான் சமத்துவம், எல்லோருக்கும் ஒரே சட்டை தைத்தால் குண்டனுக்குப் பொத்தான் தெறிக்கும் என்றார். லாரியில் மூட்டை ஏற்றுகிறவர் எழுந்தார். கை விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிறுத்தினார். முன்னால் வந்தவன் முன்னால், பின்னால் வந்தவன் பின்னால், நடுவில் எவனும் புகக் கூடாது என்றார். "அளந்து வெட்டுறது நீ. அளவு நாடா உன் கையில. அப்புறம் என்ன சமத்துவம்?" என்று தையல்காரரைப் பார்த்து ஒரு போடு போட்டார். வட்டம் முழுக்கக் கைகள் எழுந்துவிட்டன.

யாரோ பழைய பள்ளிக்கூடத்தை இழுத்தார்கள். சைகை செய்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்வார்களாம். அங்கே பாதிப் பேர் அப்படி நின்றவர்கள். அது அநியாயம், அதில் சமத்துவம் துளிகூட இல்லை என்பதில் அத்தனை பேருக்கும் ஒரே கருத்து. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். ஏன் அநியாயம் என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான், கூடம் துண்டு துண்டாகப் போயிற்று. காது கேட்கிற பிள்ளைகளின் வாயை யாரும் கட்டவில்லையே, ஆளுக்கொரு சட்டமா என்றது ஒரு பக்கம். எங்களுக்குத் தேவை கூட இருந்தது, கிடைத்தது குறைவு என்றது இன்னொரு பக்கம். கை கட்டி நிற்கிறவளின் முகத்தை வாத்தியார் ஒரு தடவையாவது பார்த்தாரா என்று கேட்டார் என் மாமியார். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூட்டைக்காரர் ஏதோ ஜோக் அடிக்க, அவளே சிரித்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் கடிகாரம்.

"ஒரு நிமிஷம் சார், அப்புறம் சொல்றேன்" என்றார் நாத்தனார். சொல்லிவிட்டு எழுந்து நின்று, ஒரே அளவுகோல் இருந்திருந்தால் அந்த வாத்தியார் அப்படிச் செய்திருக்க முடியுமா என்று வட்டத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் பரப்பினார். மொழிபெயர்க்க வந்தவர் களத்தில் குதித்துவிட்டார்! நான் விட்டேனா? நானும் எழுந்து கீழிருந்து மேலே தூக்கினேன். தொழிலின் முதல் பாடம் காற்றில் பறந்தது.

"ஏம்மா, அந்தப் பொண்ணு எதுக்கு அழுதுது?"

"அப்புறம் சொல்றேன் சார்."

"இப்போ எதுக்குச் சிரிக்கிறாங்க? என்னைப் பார்த்தா?"

"ஒண்ணுமில்லை சார், அப்புறம் சொல்றேன்." இது நான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. முதுகுக்குப் பின்னால் அவர் போட்ட கத்தல் அந்தக் கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது. மற்றவர்கள் பாட்டுக்கு வாதாடிக்கொண்டிருந்தார்கள். கத்திப் பிரயோஜனம் இல்லை என்று மனுஷருக்குப் புரிந்திருக்க வேண்டும். விடுவிடுவென்று போய்க் கதவோரம் இருந்த சுவிட்சைத் தட்டினார். கூடம் இருண்டது. மறுபடியும் தட்டினார். வெளிச்சம் வந்தபோது அத்தனை முகங்களும் அவர் பக்கம் திரும்பியிருந்தன.

"என்னதான் நடக்குது இங்கே?" என்றார். "நடுவுல உட்கார வெச்சிருக்கீங்க. சிரிக்கிறீங்க, அழறீங்க, கோவிச்சுக்கறீங்க. நான் கேட்டா அப்புறம் அப்புறம்னு சொல்றீங்க. நான் என்ன பொம்மையா? முடிவைச் சாவகாசமா சொல்லுங்க. சண்டை என்னன்னு இப்போ சொல்லுங்க!"

என் பொறுப்பு நினைவுக்கு வந்து, ஒரு வார்த்தை விடாமல் கையில் சொன்னேன். சொல்லச் சொல்லவே நான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. முதலில் மூட்டைக்காரர் சிரிப்புத் தாங்காமல் தரையைக் காலால் உதைத்தார். அடுத்தவர் உதைத்தார். மொத்தக் கூடமும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தது. கடிகாரம் பாவம், திருதிருவென்று விழித்தார்.

என் மாமியார் எழுந்து அவருக்கு நேரே போய் நின்றார்.

"நான் அனுப்பின புகார் இவனுக்கு இப்பத்தான் புரிஞ்சிருக்கு."

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் நானே முந்திக்கொண்டு, 'இவருக்கு' என்றுதான் குரலில் சொன்னேன். அவ்வளவுகூடப் பூசி மெழுகக் கூடாதா?

மாமியார் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையைப் பேசவிட்டார். நான் குரல் கொடுத்தேன். "பிறந்ததுலேருந்து எனக்கு முடிவு மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கு. வீடு மாத்தறோம்னு வந்துது. அப்பாவுக்கு ஆபரேஷன்னு வந்துது. உனக்குக் கல்யாணம்னு வந்துது. அதுக்கு முன்னாடி வீட்டுல எல்லாரும் என்ன சண்டை போட்டாங்கன்னு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. கேட்டா, அப்புறம் சொல்றேன். சண்டையில நான் இருந்திருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. இப்போ டிவியில ஒரே சைகை போடப் போறீங்களாம். எது சமத்துவம்னு நாடே அடிச்சிக்குது. எங்களுக்கு மட்டும் முடிஞ்ச சாமானைக் கையில கொடுத்து அனுப்பப் பார்க்கறீங்க. ஒரே சைகை வேண்டாம். எனக்குச் சண்டை வேணும்."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

கடிகாரம் மணிக்கட்டைத் தட்டப் போய், பாதியில் கையை இறக்கினார். "சரி. அப்போ நாளைக்கு அவங்க சமத்துவம்னு சொன்னா, நீங்க என்ன பண்ணுவீங்க?"

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"எதுன்னு அவங்க சொன்னா, அதைக் காட்டுவோம்" என்றார் நாத்தனார். "சொல்லலைன்னா, எதுன்னு சொல்லலைன்னு காட்டுவோம்."

"மேலிடத்துல என்ன சொல்றது?"

"அப்புறம் சொல்றேன்னு சொல்லுங்க சார்" என்றேன். இந்தத் தடவை அவரும் சிரித்தார். இதை மட்டும் மறக்காமல் கையிலும் சொன்னேன், கூடமே சிரித்தது.

மேலிடத்தில் என்ன சொன்னாரோ, எப்படிச் சமாளித்தாரோ, பெட்டி தப்பியது. வெள்ளிக்கிழமை முதல் தலைவர் வாயைத் திறந்தார், முதல் வாக்கியத்திலேயே சமத்துவம். நான் முதலில் இரண்டு கைகளையும் பரப்பிக் காட்டினேன், அடுத்துத் தூக்கிக் காட்டினேன், அடுத்து இரண்டு விரல்களை எதிரெதிரே நிறுத்தினேன். 'எதுவென்று இவர் சொல்லவில்லை' என்றேன். இரண்டாம் தலைவரும் சமத்துவம் என்றார். 'இவரும் சொல்லவில்லை' என்றேன். நாத்தனார் வந்து அதையே தொடர்ந்தார். பின்னால் இருந்தபோது இரண்டு பேரும் கண்ணை மூடவே இல்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, வரி பற்றிய கேள்வியில், இருப்பவர்களிடம் வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுப்போம் என்று இரண்டாமவர் உளறிவிட்டார். அப்போது பெட்டிக்குள் இருந்தது நாத்தனார். தன் சைகையை ஓரமாக வைத்துவிட்டு, என் சைகையைச் செய்தார். அவர் முகம் மட்டும் கசப்பு மருந்து குடித்த மாதிரி இருந்தது.

வீட்டில் மாமியார் டிவி திரையைத் தட்டித் தட்டி, "கேளேன்! எதுன்னு அவனைக் கேளேன்!" என்று கையாலேயே ரகளை செய்ததை என் கணவர் செல்போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை காலை. பாத்திரம் குவிந்திருந்தது. நாத்தனாரின் முறை. முழங்கால் வீங்கியிருந்தது, நானே பார்த்தேன், பக்கத்தில் நின்று நானும் தேய்த்தேன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"வீக்கம்னா வீக்கம்தான்கா, அதுக்காக முறையை மாத்தினா நாளைக்கு ஆளாளுக்கு..."

"வீங்கின காலோட நிக்கச் சொல்றியே, நீதானே டிவியில கையைத் தூக்கித் தூக்கிக் காட்டறவ!"

மாமியார் வந்து வாசற்படியில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தார், அவ்வளவுதான். என் கை நுரையோடு பழைய வழக்கப்படி எழுந்தது, பாதியில் நின்றது.

குழாயை மூடினேன். நாத்தனார் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டோம். மாமியாருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி, சண்டையை முதலிலிருந்து ஆரம்பித்தோம்.